குருமாவுக்கு ஒரு கிலோ சோம்பு

நவம்பர் 8

சோம்புப் பாத்தியில் இன்று முதல் அறுப்பு. விதை இன்னும் பிடிக்கவில்லை. மஞ்சள் பூக்குடைகள் என் நெஞ்சு உயரத்துக்கு விரிந்து நிற்கின்றன. அடியில் அடர்ந்திருந்த இலைகளை மட்டும் கத்தரித்தேன். தலைமுடி போல மெல்லிய இலை. இரண்டு கூடை வந்தது. வெட்ட வெட்ட எழுந்த வாசனைக்குப் பக்கத்து வீட்டு ஜெசிந்தா அக்கா வேலியோரம் வந்துவிட்டார்.

"என்ன வசு, ஓட்டல் ஆரம்பிக்கப் போறியா? முப்பது செடி நிக்குதே."

"குருமாவுக்குத்தாங்க்கா. காய வெச்சு எடுத்து வெச்சா வருசம் பூரா ஆகும்."

"ரெண்டு பேர் சாப்பிடற குருமாவுக்கா?"

"சோம்பு ஜீரணத்துக்கு நல்லதுங்க்கா."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. முப்பது வருடம் நர்ஸாக வேலை பார்த்தவர். கேட்காமல் இருக்கத் தெரிந்தவர்.

இலைகளைக் கழுவி உதறிய பிறகு விரிப்பதற்கு மெல்லிய துணி வேண்டியிருந்தது. நல்ல 'வாயில்' ரகப் பருத்தித் துணி பரண் மேல் தகரப்பெட்டியில் இருக்கிறது. ஏணி ஆடுகிறது, அதனால் எடுக்கவில்லை. இவருடைய பழைய வேட்டியைக் கிழித்து முன்னறையில் விரித்தேன்.

மாலையில் அம்மா பேசினார். தங்கையைப் பார்த்துக்கொள்ள ஈரோடு போய் இரண்டு மாதமாக அங்கேதான் இருக்கிறார். இந்துவுக்கு இன்றோடு இருபத்து நான்கு வாரமாம். இதற்கு முன் இரண்டு முறை உண்டாகி, இரண்டுமே ஐந்தாம் மாதத்தைத் தாண்டவில்லை. இந்த முறை கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, படுக்கையை விட்டு எழக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

"யாரும் ஒண்ணும் வாங்கப்படாது, தைக்கப்படாது, எடுத்து வெக்கப்படாது. ஏழாம் மாசக் கட்டுச்சோறும் வேண்டாம், வளையலும் வேண்டாம். கொழந்த கைக்கு வரட்டும், அப்பறம் பாத்துக்கலாம். உனக்குஞ் சேத்துத்தான் சொல்றேன்."

எனக்கும் சேர்த்து என்று தனியாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சரிம்மா என்றேன். நான் சோம்பு காய வைக்கிறேன், அவ்வளவுதான்.

நவம்பர் 9

மூடுபனி. இலை காயவில்லை.

நவம்பர் 11

இன்றும் மூடுபனி. புரட்டிப் பார்த்தால் நடுவில் இருந்த இலையெல்லாம் கருத்துக் குழைந்திருந்தது. ஒரு கூடை அளவுக்குக் குப்பைக்குழியில் கொட்டினேன். கோத்தகிரியில் கார்த்திகை முடியும்வரை உள்பாவாடையே மூன்று நாள் காயாது. இருபது வருடமாக இங்கே இருக்கிறேன். தாவரவியல் வேறு படித்திருக்கிறேன். பள்ளி நூலகத்தில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்ததில் படித்ததெல்லாம் அட்டையோடு நின்றுவிட்டது போலிருக்கிறது.

இவர் வேலையிலிருந்து வந்ததும் மிச்சமிருந்த இலையில் ஒரு கை அள்ளி, உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து விட்டுப் பார்த்தார். தேயிலை ஃபாக்டரியில் இலை வாட்டும் பகுதிக்கு மேற்பார்வையாளர். எந்த இலையைக் கண்டாலும் அந்தக் கை அப்படித்தான் போகும். இலை பிடியிலிருந்து விரிந்து எழுந்தது.

"ஈரம் போகல. வாடுன இலை புடிச்ச புடியிலயே நிக்கும்."

"அடுப்புப் பக்கத்துல வெச்சுப் பாக்கட்டுங்களா?"

"சூட்டுல அவசரப்படுத்துனா வெளிய காஞ்ச மாதிரி தெரியும், ஈரம் உள்ளயே மாட்டிக்கும். கீழ இருந்து காத்து வரோணும் வசு. அதுபாட்டுக்குப் போய்ட்டே இருக்கோணும். இலை வாட்டற எங்க தொட்டில அதான பண்றோம்."

சாப்பிட்டு எழுந்ததும் பழைய ஜன்னல் சட்டம் ஒன்றைத் தேடி எடுத்துக் கொசுவலை அடித்தார். நான்கு செங்கல்லின் மேல் அதை நிறுத்தி, மேஜை விசிறியை மல்லாக்கப் படுக்க வைத்துக் கீழே தள்ளினார். மேலே இலையைப் பரப்பினோம். இலை லேசாக மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கியது. தன் வேலையில் அவருக்கே ஒரு பெருமிதம்.

"எத்தன நாளைக்கு ஓட்டப்போற இத?"

"ஜனவரி வரைக்கும்."

"குருமாவுக்கு," என்றார்.

"குருமாவுக்கு," என்றேன்.

நவம்பர் 15

நான்கு நாளில் காய்ந்துவிட்டது. பச்சை மாறவில்லை. விரலால் தேய்த்தால் சரசரவென்று உதிர்கிறது. கண்ணாடிப் புட்டியில் அடைத்தேன். இரண்டு கூடை இலை ஒரு ஹார்லிக்ஸ் புட்டிக்குள் முக்கால்வாசிதான் வந்தது. (அதில் பாதி குப்பைக்குப் போனதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.) இன்று உருளைக்கிழங்கு வறுவலில் இறக்கும்போது ஒரு சிட்டிகை தூவினேன். நன்றாக இருந்தது. பருப்பு வடை மாவிலும் போடலாம். இவர் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

நவம்பர் 19

இந்து பேசினாள். படுத்தே கிடப்பதால் குரலே படுத்துவிட்டது.

"என்னக்கா பண்ற?"

"சோம்பு காய வெக்கறேன்."

"எதுக்கு?"

"குருமாவுக்கு."

குருமாவுக்கா என்று இழுத்தாள். பிறகு சிரித்தாள்.

"மாமாவுக்குத்தான் குருமாவே புடிக்காதே. உங்க வீட்ல நான் குருமா சாப்பிட்டதே இல்ல."

"இப்பத்தான் புடிக்க ஆரம்பிச்சிருக்கு."

"சரி சரி. அக்கா, உள்ள உதைக்குதுக்கா. மத்தியானம் மூணு மணிக்கு டாண்ணு ஆரம்பிக்குது. பள்ளிக்கூடம் விட்ட மாதிரி."

நான் மழையைப் பற்றிப் பேசினேன். மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது, பிறகு விட்டது, எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். வைக்கும்போது, "உங்கிட்டதாங்க்கா சொல்லத் தோணுச்சு" என்றாள்.

நவம்பர் 26

இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. விசிறி நின்றுவிட்டது. இரண்டாம் அறுப்பு இலை வலையில் ஈரத்தோடு கிடக்கிறது. பழைய கேலண்டர் அட்டையால் ஒரு மணிநேரம் விசிறினேன். கை விட்டுப்போயிற்று. காலையில் இவர் இலையை ஒரு சாக்கில் அள்ளிக் கட்டி, ஜீப்பில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஃபாக்டரியில் ஜெனரேட்டர் இருக்கிறது.

நவம்பர் 28

சாக்கு திரும்பி வந்தது. மிக அழகாகக் காய்ந்திருக்கிறது. இன்னொரு புட்டி.

டிசம்பர் 3

எங்களுக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று என்று தெரியவில்லை. எனக்கில்லாவிட்டாலும் இவருக்காவது தோன்றியிருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் தேயிலையோடு இருப்பவர். தேயிலை வைத்திருக்கும் அலமாரியில் ஒரு சோப்புக் கட்டியைக்கூட வைக்க விடாதவர். பக்கத்தில் எது இருந்தாலும் அந்த வாசனையைத் தேயிலை உறிஞ்சிக்கொள்ளும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். அவரே சோம்பு இலையைக் கொண்டுபோய் வாட்டும் தொட்டியின் ஓரத்தில் பரப்பியிருக்கிறார். கீழிருந்து வந்த காற்று சோம்பு வாசத்தைத் தொட்டி முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது.

நேற்று மேனேஜர் மாதிரித் தேநீரை வாயில் வைத்து உடனே துப்பினாராம். "யாருய்யா டீத்தூளுக்குள்ள பீடா போட்டது?"

இவர் கையைத் தூக்கியிருக்கிறார்.

அந்தத் தூள் ஏலத்துக்குப் போகாது. தொழிலாளர் கேன்டீனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே எல்லோரும் இரண்டு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்களாம். இவரை மட்டும் இரண்டு வாரத்துக்கு வாட்டும் பகுதியிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். சின்னப் பையன்கள் முன்னால் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு பொட்டலம் அந்தத் தூளை வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

"குருமாவுக்காகப் போய் இப்படிப் பண்ணிட்டீங்களே," என்றேன்.

"குருமாவுக்காக எவனாச்சும் வேலையோட வெளையாடுவானா?" என்றார்.

அந்தத் தூளைப் போட்டு டீ வைத்தேன். குடித்தோம். உண்மையிலேயே நன்றாக இருந்தது.

டிசம்பர் 9

இன்று முதல் விதை அறுப்பு. இந்தச் செடிக்கு அவசரமே கிடையாது. நடுக்குடை முதலில் முற்றும். பக்கக் கிளைகளின் குடைகள் ஒன்றன்பின் ஒன்றாக, தங்களுக்குத் தோன்றியபோது முற்றும். ஒரேநாளில் எல்லாவற்றையும் அறுத்துவிட முடியாது. தினமும் போய் ஒவ்வொரு குடையையும் தொட்டுப் பார்க்க வேண்டும். பச்சை மாறி மஞ்சள் தொடங்குவதற்குச் சற்று முன்னால் வெட்ட வேண்டும். முந்தினால் பால்விதை, பிந்தினால் மண்ணில் உதிரும்.

பதினொரு குடை கிடைத்தது. காம்போடு சேர்த்துக் கட்டி, காகிதப்பைக்குள் தலைகீழாகத் தொங்கவிட்டேன். உதிர்வதெல்லாம் பைக்குள்ளேயே விழும்.

ஜெசிந்தா அக்கா வீட்டுப் பூனை ஓட்டின் மேல் ஏறி இறங்கத் தெரியாமல் கத்தியது. எங்கள் ஏணியைக் கொண்டுபோய் வைத்து நான்தான் ஏறி இறக்கினேன். "நல்ல கெட்டியான ஏணி வசு. ஒரு ஆட்டம் இல்ல," என்றார் அக்கா.

டிசம்பர் 12

அபூர்வமாக வெயில். சுள்ளென்று அடித்தது. நிழலில்தான் காய வைக்க வேண்டும், வெயில் பட்டால் நிறம் வெளுத்து வாசனையும் குறையும் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் இரண்டு பை விதையை உதிர்த்து, முறத்தில் பரப்பி வாசலில் வைத்தேன். மாலைக்குள் வைக்கோல் நிறமாகிவிட்டது. வாயில் போட்டால் மரத்தூள். இதை வேண்டுமானால் நிஜமாகவே குருமாவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

எதற்கு அவசரப்பட்டேன் என்று இவர் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

டிசம்பர் 20

காலையிலிருந்து சோம்பு ஆய்ந்துகொண்டிருக்கிறேன். ஒவ்வொரு விதையிலும் ஒரு முடிபோன்ற காம்பு இருக்கிறது. அதைக் கிள்ளி எடுக்க வேண்டும். கடைச் சோம்பில் காம்போடு அப்படியே விட்டுவிடுவார்கள். நான் கிள்ளுகிறேன். காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். பத்தரைக்கு ஒரு கிண்ணம். பன்னிரண்டுக்கு இரண்டு கிண்ணம். ஜெசிந்தா அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவரும் கிள்ளினார். நடுவில் எழுந்துபோய் எனக்குச் சாதம் போட்டுக் கொண்டுவந்தார். சாப்பிட்டேனா என்று நினைவில்லை.

மூன்று மணிக்கு இந்துவின் வீட்டுக்காரர் மோகன் போன் செய்தார்.

"நின்னுருச்சுங்க்கா. ரத்தப்போக்கு நின்னுருச்சு. கொழந்தையோட துடிப்பு நல்லா இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. ரெண்டு நாள் ஆஸ்பத்திரிலயே வெச்சுப் பாக்கறாங்களாம்."

மோகன் எட்டரைக்கு முதல் போன் செய்ததை நான் மேலே எழுதவில்லை என்று இப்போதுதான் பார்க்கிறேன்.

கிள்ளியது மொத்தம் நான்கு கிண்ணம்.

டிசம்பர் 21

இதை யார் படிக்கப் போகிறார்கள்? எழுதிவிடலாம்.

ஜூலை ஒன்பதாம் தேதி இந்து போன் செய்து, "அக்கா, மறுபடியும்" என்றாள். பத்தாம் தேதி பாத்தியைக் கொத்திச் சோம்பு ஊன்றினேன். பிள்ளை பெற்றவளுக்குச் சோம்பு வெந்நீர் கொடுப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். பால் ஊறும் என்பார்கள். சோம்பு சமையலறைச் சாமான். யார் வீட்டிலும் இருக்கும். அதை யாரும் குழந்தைக்கான ஏற்பாடு என்று சொல்ல முடியாது. அம்மாவாலும் முடியாது. நான் அப்படிக் கணக்குப் போட்டுத்தான் செய்தேன்.

பதினேழு வருடங்களுக்கு முன் நான் எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்தேன். ஏழாம் மாதத்துக்குள் ஆறு சட்டை தைத்து முடித்துவிட்டேன். வாயில் துணியில், முதுகில் முடிச்சுப் போடுகிற மாதிரி. எட்டாம் மாதம் ஒரு வியாழக்கிழமை அசைவு நின்றுபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று அம்மா அந்தச் சட்டைகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இப்பிடி எல்லாத்தையும் தச்சு அடுக்கி வெச்சுட்டு ஒக்காந்தா கண்ணு படாம என்ன பண்ணும்? மொதல்ல இதையெல்லாம் யாருக்காச்சும் குடுத்துத் தொல."

அம்மாவும் அன்று அழுதுகொண்டுதான் இருந்தார். படித்தவள் நான். துணி தைத்ததால் ஒரு இதயம் நிற்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? அதன்பிறகு நான் எதையும் தைக்கவில்லை.

சட்டைகளை யாருக்கும் கொடுக்கவுமில்லை.

ஜனவரி 2

புட்டிச் சோதனை செய்தேன். காய்ந்த விதையைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு இறுக மூடி ஒரு நாள் வைக்க வேண்டும். கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்தால் ஈரம் மிச்சம். நேற்று மூடிய மூன்று புட்டியில் ஒன்றில் ஆவி. டிசம்பர் கடைசியில் மூடி, சோதிக்காமல் விட்ட இன்னொன்றைத் திறந்தால் மேலே வெள்ளைப் பூசணம். அந்தப் புட்டி முழுவதையும் கொட்டினேன். புட்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டே இருந்தேன். ஒரு புட்டிச் சோம்புக்காக யாரும் அப்படித் தேய்க்க மாட்டார்கள்.

இவர் வாசலில் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வசு. அது சோம்பு. சோம்பு மட்டுந்தான். ஈரத்தோட மூடிட்ட, பூத்துருச்சு. அதுக்கு வேற அர்த்தம் ஒண்ணும் கெடையாது."

"எனக்கும் தெரியுமுங்க."

"தெரியும்னா வா. இன்னும் பாத்தில குடை நிக்குது. அறுக்கலாம்."

ஞாயிறுகூட இல்லை, லீவு போட்டுவிட்டு வந்து என்னோடு அறுத்தார். மறுபடியும் வாட்டும் பகுதிக்கே மாற்றிவிட்டார்களாம். "இனிமே தேயிலையைத் தவிர வேற எது கொண்டுவந்தாலும் உன்னையே தொட்டில போட்டு வாட்டிருவேன்" என்று மேனேஜர் சொல்லி அனுப்பினாராம்.

ஜனவரி 13

காப்புக்கட்டு, நாளை பொங்கல். வீட்டைக் கழுவி, பூளைப்பூவும் வேப்பிலையும் ஆவாரமும் சேர்த்து நிலையில் கட்டினேன். கடைசிப் புட்டியிலும் ஆவி இல்லை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி ஜெசிந்தா அக்காவின் தராசில் நிறுத்தேன். ஒரு கிலோவுக்கு ஒரு பிடி அதிகம். பச்சையாக இருக்கிறது. ஒரு விதையைக் கடித்தால் 'டிக்'கென்று உடைந்து, நாக்கில் இனித்துக் கடைசியில் லேசாகக் காரம் தட்டுகிறது. நன்றாக வந்திருக்கிறது. நானே சொல்லிக்கொள்ளக்கூடாது, ஆனால் நன்றாக வந்திருக்கிறது.

இந்துவுக்கு முப்பத்து மூன்றரை வாரம். இன்னும் ஆறு வாரம் தாண்ட வேண்டும்.

ஜனவரி 14

பொங்கல் பொங்கும்போது போன் வந்தது. பெண் குழந்தை. தொள்ளாயிரம் கிராமோ என்று ஒரு நொடி நின்றுபோனேன். ஒரு கிலோ தொள்ளாயிரமாம். ஒன்று தொள்ளாயிரம்! பிறந்ததும் அழுதாளாம். இந்து நன்றாக இருக்கிறாள். குழந்தையை இன்குபேட்டரில் வைத்திருக்கிறார்கள். தானாகவே மூச்சு விடுகிறாளாம்.

பொங்கல் அடிப்பிடித்துவிட்டது. சாப்பிட்டோம். இவ்வளவு ருசியாக ஒரு பொங்கல் நான் வைத்ததில்லை.

ஜனவரி 17

அம்மா போன் செய்தார். குரலில் பழைய அதிகாரம் திரும்பிவிட்டது. அதைக் கேட்டதும் எனக்குப் பாதிக் கவலை போயிற்று.

"பாப்பா நல்லாருக்கா. ஊசிமருந்து கணக்கா சொட்டுச் சொட்டாப் பால் குடுக்கறாங்க. இவளுக்குத்தான் ஊறல. வந்துரும், பயப்படாதீங்கன்னு டாக்டரம்மா சொல்றாங்க, இவ காதுல வாங்கறதே இல்ல, ஒரே அழுகை. கடைல சோம்பு வாங்கிக் காச்சிக் குடுத்தேன். வாசமே இல்ல. நீ ஏதோ குருமாவுக்குக் காய வெச்சியாமே? அதுல ஒரு கை குடுத்து உடு."

"ஒரு கிலோ இருக்குதும்மா."



"ஒரு கிலோவா?"

"வருசம் பூரா ஆகற மாதிரி."

அம்மா சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு வாய்விட்டு. எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு நின்றது. அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வசு. அந்தப் பெட்டி இன்னும் இருக்குதா?"

"எந்தப் பெட்டிம்மா?"

"நீ ஆருக்கும் குடுத்திருக்க மாட்ட, எனக்குத் தெரியும். நாலு நாள்ல பாப்பாவ வெளிய குடுக்கறாங்க. பொறந்த கொழந்தைக்குப் புதுசு போடப்படாது, பழசுதான் போடோணும். மோகன் வூட்ல கேட்டா அங்க கைக்கொழந்தயே இல்ல, பழசுக்கு எங்க போறதுங்கறாங்க."

"அது யாரும் போடாததும்மா. புதுசு."

"பதனேழு வருசத்துப் புதுசு எங்கடி இருக்குது? அதவிடப் பழசு ஆருகிட்ட இருக்குது? எடுத்துட்டு வா."

நான் பரண் பக்கம் நிமிர்ந்து பார்த்தேன்.

"அன்னைக்கு நான் சொன்னது..." என்று அம்மா ஆரம்பித்தார்.

"போன்ல சார்ஜ் இல்லம்மா. வெச்சர்றேன்."

எண்பது சதவீதம் இருந்தது. ஆனால் அம்மா ஆரம்பித்ததே போதும். முடிக்க வேண்டியதில்லை.

ஜனவரி 18

இவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள நான் ஏறினேன். ஏணி ஆடவேயில்லை.

பெட்டி நான் நினைத்ததைவிடச் சின்னது. ஆறு சட்டையும் இருந்தன. வெள்ளை கொஞ்சம் பழுப்பேறியிருக்கிறது, மற்றபடி ஒரு ஓட்டை இல்லை. தையலைப் பார்த்தேன். என் கைதான். ஆனால் இப்போது எனக்கு இவ்வளவு நுணுக்கமாகத் தைக்க வராது. மூலையில் இரண்டு அந்துருண்டை, முழுசாக, வெள்ளையாக. அந்துருண்டை ஒரு வருடத்துக்கு மேல் தாங்காது, கரைந்து காணாமல் போய்விடும். பதினேழு வருடமாக நான் இந்தப் பெட்டியைத் திறக்கவில்லை.

இவரைப் பார்த்தேன். இவர் ஏணியின் கால் சரியாக ஊன்றியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தா அக்காதான் எச்சரித்தார். "அந்துருண்டை வாசம் பச்சக் கொழந்தைக்கு ஆகவே ஆகாது. வெந்நீர்ல போட்டுக் கொதிக்க வெச்சு நாலு தடவ அலசு. அப்பறம் நல்லாக் காத்துல விடு. துளி வாசம் இருந்தாலும் போடாத, சொல்லிட்டேன்." நான்கு தடவை இல்லை, ஆறு தடவை அலசினேன். வெளியே மூடுபனி. கொடியில் போட்டால் ஈரோடு போகிற நாள்வரை காயாது.

வலைச்சட்டம் காலியாக இருந்தது. மேலே ஆறு சட்டையையும் விரித்தேன். கீழே விசிறியைப் போட்டேன். ஆறும் லேசாக எழுந்து எழுந்து அமர்ந்தன. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவரும் பக்கத்தில் வந்து நின்றார்.

ஒரு சட்டையின் நுனியைப் பிடித்து உள்ளங்கையில் இறுக்கி விட்டுப் பார்த்தார்.

"இன்னும் ஈரம் இருக்குது," என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "நாளைக்குள்ள காஞ்சிரும்."

ஜனவரி 19

அந்துருண்டை வாசம் துளிகூட இல்லை. ஜெசிந்தா அக்காவும் முகர்ந்து பார்த்துவிட்டுச் சரி என்றார். சரி என்று சொல்லும்போது ஏன் சிரித்தார் என்று எனக்கு விளங்கவில்லை.

ஜனவரி 21, ஈரோடு

பஸ்ஸில் மடியிலேயே பையை வைத்துக்கொண்டு வந்தேன். ஒரு கிலோ சோம்பு, ஆறு சட்டை. இவர் அடிக்கடி பையைப் பார்த்தார்.

மூன்று நாளாக ஜெசிந்தா அக்கா போனில் இந்துவிடம் பேசிப் பேசிப் பாலுக்குப் பதற்றம்தான் முதல் எதிரி என்று புரியவைத்திருக்கிறார். நேற்றிலிருந்து ஊற ஆரம்பித்துவிட்டதாம். ஆக, என் சோம்பு வருவதற்கு ஒரு நாள் முன்பே. அம்மா அதை ஒத்துக்கொள்வதாக இல்லை. வந்ததும் வராததுமாக ஒரு பிடி அள்ளிக் கொதிக்கப் போட்டார். "அவ வாரான்னு தெரிஞ்சுதான் ஊறுது" என்றார். நான் தர்க்கம் செய்யவில்லை.

பதினொரு மணிக்குக் குழந்தையை வெளியே கொடுத்தார்கள். ஆஸ்பத்திரித் துணியில் ஒரு முகம் மட்டும் தெரிந்தது. சிவந்து, சுருங்கி, யார்மீதோ கோபமாக. அம்மா குழந்தையோடு என் பக்கம் திரும்பினார். சட்டையை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நீயே போடு."

போட்டேன். முதுகில் முடிச்சு. விரல்களுக்கு அது நினைவிருந்தது. குழந்தையை இந்துவின் கையில் கொடுத்தேன். அவள் குனிந்து கழுத்தோரம் முகம் புதைத்தாள். நெடுநேரம் எடுக்கவில்லை. நான் பயந்துபோனேன். பிறகு நிமிர்ந்தாள். கண்ணெல்லாம் நீர், வாயெல்லாம் சிரிப்பு.

"அக்கா. இவமேல குருமா வாசம் அடிக்குதுக்கா."

அம்மா வாங்கி முகர்ந்தார். மோகன் முகர்ந்தார். இவரும் முகர்ந்து பார்த்துவிட்டு, கேன்டீன் டீயை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, வேறு பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்தார்.

"அப்ப நெசமாலுமே குருமாவுக்குத்தான் காய வெச்சிருக்கா இவ," என்றார் அம்மா.

சட்டைக் கை நீளமாக இருந்தது. இரண்டு மடிப்பு மடித்துவிட்டேன். உள்ளிருந்து ஒரு விரல் வெளியே வந்தது.